புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: ட்ரயலில் சேரலாமா, வெளியிலேயே எடுத்துக்கொள்ளலாமா?

பயாப்ஸி முடிவு வந்து, ஸ்கேன் எல்லாம் எடுத்து, "ஆபரேஷன் வேண்டாம், கரண்ட் வைத்துக்கொள்ளலாம்" என்று முடிவாகிவிட்டது. அப்போது சில ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இன்னொன்றும் கேட்பார்: "இங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. 5 நாள் சிகிச்சையையும் 25 நாள் சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சேர்கிறீர்களா?" கூடவே பல பக்கத்துக்கு ஒரு ஒப்புதல் படிவம்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரியும். "அப்பாவை வைத்துச் சோதனை பண்ணப் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் பயப்படுவார். "புது சிகிச்சை, சும்மா கிடைக்கிறது, விடக்கூடாது" என்று இன்னொருவர் சொல்வார். எனக்கு எழுதுகிறவர்களும் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரயலின் இரண்டு பிரிவுகளில் எது விழுந்தாலும் மனம் ஏற்றுக்கொள்ளும் என்றால் தைரியமாகச் சேரலாம். இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டவர் சேராமல் இருப்பதே நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

## அதற்கு முன்னால் ஒரு கேள்வி

இப்போதே சிகிச்சை தேவைதானா? புற்று புரோஸ்டேட்டுக்குள்ளேயே இருந்து, பி.எஸ்.ஏ. அளவும் (ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது) கிளீசன் மதிப்பெண்ணும் (பயாப்ஸியில் புற்றின் தீவிரத்தைக் காட்டுவது) குறைவாக இருந்தால், சிகிச்சை எதுவும் தராமல் கண்காணித்து வருவதே பல பேருக்குச் சரியான வழி. பிரிட்டனில் நடந்த ப்ரொடெக்ட் ஆய்வில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புரோஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலுமே சுமார் 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. கண்காணிப்புப் பிரிவில் மட்டும் நோய் வேறு இடங்களுக்குப் பரவியவர்கள் கூடுதல்: 9.4 சதவீதம். மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பரவாத புரோஸ்டேட் புற்று பெரும்பாலும் மெதுவாக வளரும் நோய். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், இரண்டு வாரம் யோசித்து, இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு வர நேரம் இருக்கிறது. "இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், காரணம் என்ன என்று கேளுங்கள்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது?

முதலில் நோயின் நிலை. குறைந்த ஆபத்தா, நடுத்தரமா, அதிக ஆபத்தா, நிணநீர்க் கணுவுக்குப் போயிருக்கிறதா என்பதை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வையுங்கள். இது தெரியாமல் மற்ற எதையும் பேச முடியாது.

அடுத்து, அந்த நிலைக்கு அந்தச் சிகிச்சை எந்த அளவுக்குப் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. அப்புறம் சிறுநீர், மலம் சம்பந்தமான தொல்லைகள். வீட்டைவிட்டு எத்தனை நாள் வெளியே தங்க வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு, சிகிச்சை முடிந்த பிறகு யார் கவனிப்பார்கள். கடைசியாக, தேர்வு யார் கையில் இருக்கிறது. இதைக் கடைசியில் சொன்னாலும், ட்ரயல் விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது இதுதான்.

## வழி 1: ட்ரயலுக்கு வெளியே, 20 நாள் சிகிச்சை

இன்றைக்குப் பல இடங்களில் "வழக்கமான சிகிச்சை" என்று சொல்வது இதைத்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, நான்கு வாரம், நாளுக்கு 3 க்ரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் மொத்தம் 60 க்ரே. முன்பெல்லாம் நாளுக்கு 2 க்ரே வீதம் ஏழெட்டு வாரம் வந்து போக வேண்டியிருந்தது. அதை நான்கு வாரமாகக் குறைத்ததும் ட்ரயல்கள்தான். பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த 'சிப்' ஆய்வில் 3,216 ஆண்கள் சேர்ந்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், 37 நாள் பிரிவில் 88.3 சதவீதம், 20 நாள் பிரிவில் 90.6 சதவீதம். அவர்கள் சேர்ந்ததால்தான் இன்று நம் ஊர்க்காரர் 17 நாள் குறைவாக அலைகிறார்.

இதன் பெரிய பலம் ஆதாரம். குறைந்த ஆபத்து, நடுத்தரம், அதிக ஆபத்து என எல்லா நிலைக்கும் நிறைய அனுபவம் சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவர், புரோஸ்டேட் மிகவும் வீங்கியிருப்பவர், இடுப்புப் பகுதிக் கணுக்களுக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு தேவைப்படுகிறவர் ஆகியோருக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இந்த வழியையோ, இதைவிடச் சில நாள் நீண்டதையோதான் விரும்புவார்கள்.

வெளியே தெரியாத செலவு நாட்களில் இருக்கிறது. மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் மலம் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். மெஷின் தாமதமானால் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு இது சின்னக் கஷ்டமில்லை. மெஷின் பழுதானால் கூடுதலாக ஓரிரு நாள். கூட இருக்கும் மகனுக்கோ மனைவிக்கோ ஒரு மாதக் கூலி போகும், லாட்ஜ் வாடகை, சாப்பாடு, ஆட்டோ. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக் கட்டணத்தைத் தாங்கலாம். இந்தச் சில்லறைச் செலவு முழுக்க வீட்டின் தலையில்தான். பல குடும்பங்களில் சிகிச்சையை நடுவில் நிறுத்த வைப்பதும் இதுதான். அப்படி நிறுத்துவது ஆபத்து.

அதிக ஆபத்து நிலை என்றால் ஹார்மோன் ஊசி தனி. 18 மாதம் முதல் 3 ஆண்டு வரை போடச் சொல்வார்கள். கதிர்வீச்சு 5 நாளோ 20 நாளோ, இந்தச் செலவு குறையாது. கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

## வழி 2: ட்ரயலுக்கு வெளியே, 5 நாள் சிகிச்சை

எஸ்.பி.ஆர்.டி. அல்லது ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு என்று சொல்வார்கள். நாளுக்கு 7.25 க்ரே வீதம் ஐந்து முறை, மொத்தம் 36.25 க்ரே. ஒரு தடவைக்குத் தரும் அளவு கூடினால் புரோஸ்டேட் புற்றுச் செல்கள் மற்ற பல புற்றுகளைவிட அதிகமாக அடிபடும் என்பது இதன் அடிப்படை. அதனால்தான் மொத்த க்ரே குறைந்தாலும் பலன் குறைவதில்லை.

இதற்கான பெரிய ஆதாரம் பேஸ்-பி ஆய்வு. பிரிட்டன், அயர்லாந்து, கனடாவில் 874 ஆண்கள் சேர்ந்தார்கள். 2024-ல் முடிவு வெளியானது. ஐந்தாண்டில் நோய் திரும்பாதவர்கள் 5 நாள் பிரிவில் 95.8 சதவீதம், நீண்ட நாள் பிரிவில் 94.6 சதவீதம். நோயை அடக்குவதில் 5 நாள் சிகிச்சை பின்தங்கவில்லை. அதே ஆய்வின் இன்னொரு எண்ணை விளம்பரங்களில் பார்க்க முடியாது. மருந்து தேவைப்படும் அளவுக்கோ அதற்கு மேலோ சிறுநீர்த் தொல்லை ஐந்தாண்டுக்குள் ஒரு தடவையாவது வந்தவர்கள் 5 நாள் பிரிவில் 26.9 சதவீதம், மற்றதில் 18.3 சதவீதம். பெரும்பாலும் வந்து சரியாகிவிடுகிற தொல்லைதான். இருந்தாலும் ராத்திரி நாலைந்து முறை எழுந்துகொண்டிருக்கும் மனிதருக்கு இந்த வித்தியாசம் பெரிது. மலம் சம்பந்தமான தொல்லையில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேஸ்-பி-யில் சேர்ந்தவர்கள் குறைந்த, நடுத்தர ஆபத்துள்ளவர்கள். ஹார்மோன் ஊசி போடாதவர்கள். உங்கள் நோய் அதிக ஆபத்து வகை என்றால் இந்த எண்கள் உங்களுடையவை ஆகாது. "5 நாளில் முடித்துவிடலாம்" என்று சொல்லும் இடத்தில், "என் நிலைக்கு இது பரிசோதிக்கப்பட்டதா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு விதம். பல மையங்களில் சிகிச்சைக்கு முன்னால் புரோஸ்டேட்டுக்குள் சின்னச் சின்னத் தங்க மணிகளை ஊசி வழியாக வைப்பார்கள். ஒவ்வொரு நாளும் சுரப்பி எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குக் காட்ட அது உதவும். அதற்கு ஒரு நாள், ஆன்டிபயாட்டிக், அது நிலைபெறச் சில நாள் இடைவெளி, பிறகு எம்.ஆர்.ஐ. ஆக, "5 நாள்" என்பது காலண்டரில் பெரும்பாலும் மூன்று வாரத்தைத் தொடும். சிலர் மலக்குடலைத் தள்ளிவைக்கும் ஜெல்லையும் சேர்த்துப் பரிந்துரைப்பார்கள், அதற்குத் தனி பில். மெடிக்ளெய்ம் வைத்திருப்பவர்கள் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு.

எக்ஸ்-ரேக்குப் பதில் புரோட்டான் துகள்களால் தரும் கதிர்வீச்சு பற்றியும் கேட்கிறார்கள். சென்னையில் 2019 முதல் புரோட்டான் மையம் இயங்குகிறது, செலவு பல மடங்கு. அமெரிக்காவில் புரோட்டானையும் வழக்கமான எக்ஸ்-ரே கதிர்வீச்சு முறையான ஐ.எம்.ஆர்.டி.யையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பார்ட்டிகால் ஆய்வின் முடிவை 2024-ல் அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மலம் சம்பந்தமான வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. புரோஸ்டேட்டுக்காக மட்டும் வீட்டை அடகு வைத்துப் புரோட்டான் எடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## வழி 3: ட்ரயலில் சேர்வது

ஒரு நிஜ உதாரணம் எடுத்துக்கொள்வோம். மும்பை டாடா மெமோரியலின் ப்ரைம் ஆய்வு, அதிக ஆபத்து உள்ளவர்களுக்கும் கணுவுக்குப் பரவியவர்களுக்கும் ஆனது. ஒரு பிரிவுக்கு 25 நாளில் 68 க்ரே, மற்றதற்கு 5 தடவையில் 36.25 க்ரே. பேஸ்-பி எந்த நோயாளிகளை விட்டுவிட்டதோ, அவர்களுக்காகவே எழுப்பப்பட்ட கேள்வி இது. நம் நாட்டில், வெகுதூரத்திலிருந்து வரும் ஏழை நோயாளிகளுக்கு, இதைவிட முக்கியமான கேள்வி குறைவு.

இப்படிப்பட்ட ட்ரயலில் "சிகிச்சை இல்லாத பிரிவு" என்று எதுவும் கிடையாது. வெறும் மெஷினைச் சுற்றவிட்டு ஏமாற்றுவதும் இல்லை. இரண்டு பிரிவுக்கும் முழுச் சிகிச்சை உண்டு. எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் தீர்மானிக்கும். டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது. டாக்டரே தேர்ந்தெடுத்தால் திடகாத்திரமானவர்கள் ஒரு பக்கம், பலவீனமானவர்கள் ஒரு பக்கம் என்று சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் எது நல்ல சிகிச்சை என்று யாராலும் சொல்ல முடியாது.

எது மேல் என்று டாக்டர்களுக்கே உண்மையிலேயே தெரியாதபோதுதான் குலுக்கல் நியாயம். முடிவுகள் எந்தப் பக்கமும் சாயலாம் என்பதைப் பழைய ஆய்வுகள் காட்டுகின்றன. டாடாவிலேயே நடந்த பாப்-ஆர்.டி. ஆய்வில் 224 பேர். புரோஸ்டேட்டுக்கு மட்டும் கதிர்வீச்சு ஒரு பிரிவுக்கு, இடுப்புக் கணுக்களுக்கும் சேர்த்து இன்னொரு பிரிவுக்கு. ஐந்தாண்டில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாதவர்கள் முறையே 81.2 சதவீதம், 95 சதவீதம். கூடுதல் பகுதிக்குச் சிகிச்சை பெற்ற பிரிவு இந்த அளவுகோலில் ஜெயித்தது. ஆனால் உயிர்வாழ்வில் வித்தியாசம் தெரியவில்லை, சிறுநீர்த் தொல்லை அந்தப் பிரிவில் கூடுதல். மேலே சொன்ன 'சிப்' ஆய்வில் மூன்றாவது பிரிவு ஒன்று இருந்தது: 19 நாளில் 57 க்ரே. அதில் நோய் திரும்பாதவர்கள் 85.9 சதவீதம். பழைய சிகிச்சைக்குச் சமம் என்று அதை நிரூபிக்க முடியவில்லை. அமெரிக்காவில் 1,532 பேரை வைத்து 70.2 க்ரேயையும் 79.2 க்ரேயையும் ஒப்பிட்டபோது, அதிக அளவு பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, பக்கவிளைவும் கூடியது. ட்ரயலில் சேர்கிறவர் ஏற்கும் உண்மையான ஆபத்து இதுதான். நீங்கள் விழும் பிரிவு சற்றுப் பின்தங்கியது என்று சில ஆண்டு கழித்துத் தெரியவரலாம். அது புதிய பிரிவாகவும் இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம் எந்தப் படிவத்திலும் தடித்த எழுத்தில் இருப்பதில்லை. "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கும், அது உண்மை, உங்கள் உரிமை. ஆனால் மாத்திரை ட்ரயலில் மாத்திரையை நிறுத்தலாம். உடம்புக்குள் போன கதிர்வீச்சைத் திரும்ப எடுக்க முடியாது. 5 நாள் பிரிவில் விழுந்து, இரண்டாவது வாரம் மனம் மாறினால், நீங்கள் விலகுவது பின்தொடர் பரிசோதனையிலிருந்து மட்டும்தான். அதனால் கதிர்வீச்சு ட்ரயலில் நிஜமான முடிவு முதல் நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். குலுக்கலில் பெயர் வந்த பிறகுகூட, சிகிச்சை தொடங்கும்வரை வேண்டாம் என்று சொல்லலாம்.

லாபம் என்ன? கதிர்வீச்சுத் திட்டத்தை வகுத்த விதிமுறைக்கு ஏற்பச் சரிபார்ப்பார்கள். பி.எஸ்.ஏ. பரிசோதனை தேதி தவறாமல் நடக்கும். கூப்பிட ஒரு ஒருங்கிணைப்பாளரின் போன் நம்பர் கையில் இருக்கும். நெரிசலான ஆஸ்பத்திரியில் இந்தக் கவனிப்பின் மதிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ட்ரயலில் சேர்ந்தாலே கூடுதல் காலம் வாழலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

செலவில்தான் ஏமாற்றம் அதிகம். "ட்ரயல் என்றால் எல்லாம் இலவசம்" என்று நினைத்துப் போகிறார்கள். கம்பெனி நடத்தும் மருந்து ட்ரயலுக்கும், டாக்டர்களே நடத்தும் கதிர்வீச்சு ட்ரயலுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் வழக்கமான சிகிச்சைக் கட்டணத்தை நோயாளியோ காப்பீடோ கட்ட வேண்டியிருக்கலாம். ஆய்வுக்காக மட்டும் செய்யும் கூடுதல் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் இதைச் சொல்கின்றன. மெடிக்ளெய்மில் "நிரூபிக்கப்படாத சிகிச்சை"க்குப் பணம் தராத விதி இருக்கும். ட்ரயல் சிகிச்சைக்கு அதைக் காட்டி மறுப்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பயணத்தையும் சேர்த்துப் பாருங்கள். மதுரைக்காரர் ஒருவர் மும்பை ட்ரயலில் 5 நாள் பிரிவில் விழுந்தால் 20 நாள் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பின்தொடர் பரிசோதனை பல வருடம். ஒவ்வொன்றுக்கும் நேரில் போக வேண்டுமா, உள்ளூரில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனில் பேசினால் போதுமா என்பதே இங்கே செலவைத் தீர்மானிக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வெளியே 20 நாள் | வெளியே 5 நாள் | ட்ரயல் |
|---|---|---|---|
| யாருக்கு ஆதாரம் பலம் | எல்லா நிலைக்கும் | குறைந்த, நடுத்தர ஆபத்து | ஆதாரம் போதாத இடத்தில்தான் ட்ரயலே நடக்கும் |
| சிறுநீர்த் தொல்லை | ஒப்பீட்டில் குறைவு | சற்றுக் கூடுதல் | விழும் பிரிவைப் பொறுத்தது |
| வெளியே தங்கல் | சுமார் ஒரு மாதம் | தயாரிப்போடு இரண்டு, மூன்று வாரம் | விழும் பிரிவைப் பொறுத்தது, முன்பரிசோதனை கூடுதல் |
| மறைந்த செலவு | கூட இருப்பவரின் கூலி, தங்குமிடம் | தங்க மணி, எம்.ஆர்.ஐ., பாலிசி வரம்பு | பல வருடப் பயணம், காப்பீட்டுச் சிக்கல் |
| பின்கவனிப்பு | நீங்களாக நினைவு வைத்துப் போக வேண்டும் | அதேதான் | அட்டவணைப்படி அழைப்பார்கள் |
| தேர்வு | நீங்களும் டாக்டரும் | நீங்களும் டாக்டரும் | குலுக்கல் |

## யாருக்கு எது?

குறைந்த அல்லது நடுத்தர ஆபத்து, சிறுநீர் சரளமாகப் போகிறது, நல்ல மையத்தில் 5 நாள் சிகிச்சைக்கு வழி இருக்கிறது என்றால், அதை நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 5 நாள் கிடைக்கும் என்ற ஆசையில் மட்டும் ட்ரயலில் சேர்ந்து, குலுக்கலில் 25 நாள் விழுந்து, மனமுடைந்து சிகிச்சையைத் தொடங்காமல் போனவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அதற்கு மேல் நடந்தது தாமதம் மட்டுமே.

சிறுநீர்த் தொல்லை ஏற்கெனவே இருக்கிறது, மையம் பக்கத்து ஊர், தினமும் வந்துபோக முடியும் என்றால் 20 நாள்தான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அதிக ஆபத்து, கணுவுக்குப் பரவியிருக்கிறது, 25 நாளானாலும் தங்க ஓர் உறவினர் வீடு இருக்கிறது, 5 நாளானாலும் சம்மதம் என்றால் ட்ரயல் நல்ல தேர்வு. இந்த நிலைக்கு 5 நாள் சிகிச்சையைப் பெற நான் சிபாரிசு செய்யும் இடமும் ட்ரயல்தான். வெளியே பெற்றால் அதே நிச்சயமின்மையை, அந்தக் கண்காணிப்பு இல்லாமல் ஏற்கிறீர்கள்.

## கையெழுத்துக்கு முன்

இந்தியாவில் நடக்கும் ட்ரயல்கள் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசிய ட்ரயல் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 முதல் மருந்து ட்ரயல்களுக்கு இது கட்டாயம். கதிர்வீச்சு ட்ரயல்களையும் பதிவு செய்வதே முறை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. அப்புறம் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- நான் சேராவிட்டால் இதே ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன சிகிச்சை தருவீர்கள்?
- எந்தெந்தப் பில் என்னுடையது, எது ஆய்வினுடையது?
- ஐந்து வருடத்தில் எத்தனை முறை நேரில் வர வேண்டும்? பயணப்படி உண்டா?
- ஒரு பிரிவு மோசம் என்று நடுவிலேயே தெரிந்தால் எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்?
- ராத்திரியில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

வேண்டாம் என்று முடிவானால் நேராகச் சொல்லிவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. மறுத்ததற்காக வழக்கமான சிகிச்சையைத் தள்ளிப்போடுவதோ, கவனிப்பைக் குறைப்பதோ கூடாது. அப்படி நடந்தால், படிவத்தின் கடைசிப் பக்கங்களில் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கும். அந்தக் குழு இருப்பதே அதற்காகத்தான், கூப்பிட்டுப் பேசுங்கள்.